வீட்டில் ஒரு நேரோ கேஜ் மாடல் ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அறை ஜன்னலோரம் 4 அடிக்கு 2 அடிப் பலகை ஒன்று இருக்கிறது. அதன்மேல் ஒரு மலை, ஒரு கடைத்தெரு, கடைகளின் வாசற்படியை உரசிக்கொண்டு போகிற ஒரு ரயில். டார்ஜீலிங் மலை ரயில் பாதையில் கர்சியாங் பக்கம் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் "இது ஓடுமா?" என்று ஆரம்பித்து, ஓட்டிக் காட்டியதும் "எவ்வளவு ஆச்சு?" என்பதில் முடிப்பார்கள். சிலர் மட்டும் அடுத்த வாரம் போன் போட்டு, நாமும் ஒன்று செய்தால் என்ன என்று இழுப்பார்கள். அவர்கள் கேட்பவைதான் கீழே இருப்பவை. நான் தச்சனும் இல்லை, எலக்ட்ரீஷியனும் இல்லை. இரண்டு பலகையைப் பாழாக்கிய அனுபவம் உண்டு, அவ்வளவுதான்.

நேரோ கேஜ் என்றால் சரியாக என்ன? ஊட்டி ரயிலும் அதில் வருமா?

இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் கேஜ். நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் ஸ்டாண்டர்ட் கேஜ் 1435 மி.மீ. மாடல் செய்கிறவர்கள் 1435-க்குக் குறைந்த எல்லாவற்றையும் நேரோ கேஜ் என்பார்கள். இந்திய ரயில்வே மட்டும் மீட்டர் கேஜைத் தனியாகப் பிரித்துவிட்டு, 762 மி.மீ. (2 அடி 6 அங்குலம்), 610 மி.மீ. (2 அடி) இரண்டையும்தான் அந்தப் பெயரில் அழைக்கிறது. ஆகவே 1000 மி.மீ. ஊட்டி ரயில் ரயில்வேக்காரருக்கு நேரோ கேஜ் இல்லை, மாடல்காரருக்கு நேரோ கேஜ். இதை வைத்து ஒரு கல்யாண வீட்டில், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவரோடு பந்தி முடிகிற வரை வாதாடியிருக்கிறேன். இரண்டு பேரும் சொன்னது சரிதான்.

ஏன் நேரோ கேஜ்? சாதாரண ரயிலே செய்யலாமே?

செய்யலாம், வீடு பெரிதாக இருந்தால். சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த பயணிகள் பெட்டி ஒன்று 21 மீட்டருக்கு மேல் நீளம். என் பலகையின் அளவுக்கு, அதாவது 76-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 28 செ.மீ. வரும். பத்துப் பெட்டி கோத்து எஞ்சினும் மாட்டினால் ரயில் மட்டுமே 3 மீட்டரைத் தாண்டும், அதாவது ஹாலின் ஒரு சுவர் முழுக்க. அப்புறம் அதை எங்கே திருப்புவது? டார்ஜீலிங் ரயிலில் எஞ்சினும் மூன்று பெட்டியும் அதே அளவில் ஒரு அடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே.

எனக்குப் பிடித்த கணக்கு வளைவுக் கணக்குதான். டார்ஜீலிங் பாதையில் அகோனி பாயின்ட் என்ற இடத்தில் நிஜத் தண்டவாளமே சுமார் 18 மீட்டர் ஆரத்தில் சுருண்டு திரும்புகிறது. 76-ஆல் வகுத்துப் பாருங்கள், 24 செ.மீ. பீக்கோ என்ற மாடல் நிறுவனம் விற்கிற நேரோ கேஜ் செட் டிராக் (வளைத்தே வருகிற தயார் தண்டவாளத் துண்டு) வளைவின் ஆரம் 9 அங்குலம், அதாவது 228 மி.மீ. கடையில் வாங்குகிற குறுகிய வளைவுக்கும் மலையில் கிடக்கிற வளைவுக்கும் ஒரு விரற்கடைதான் வித்தியாசம். பெரிய ரயில் செய்கிற நண்பர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும், ஏனென்றால் வீட்டுக்குள் அவர்கள் போடுகிற வளைவு எதுவுமே நிஜத்துக்குக் கிட்டே வராது. ஹார்ன்பி நிறுவனம் விற்கிற மிகக் குறுகிய வளைவின் ஆரம் 371 மி.மீ., அதில் 28 செ.மீ. பெட்டியை ஓட்டினால் பெட்டியின் வயிறு தண்டவாளத்தை விட்டு உள்பக்கம் பிதுங்கி நிற்கும்.

ஓஓ9, எச்ஓஇ, ஓஎன்30... பெயரைக் கேட்டாலே தலை சுற்றுகிறதே?

எனக்கும் சுற்றியது. ரகசியம் ஒன்றுதான்: வேறொரு ரயிலுக்காகச் செய்த தண்டவாளத்தைக் கடன் வாங்கி, அதன்மேல் பெரிய அளவு பெட்டியை ஏற்றுவது. 9 மி.மீ. தடம் முதலில் N கேஜ் (ஆங்கில எழுத்து N) என்ற குட்டி மாடல்களுக்காக வந்தது. அதே தடத்தில் 1:76 பெட்டியை ஓட்டினால் ஓஓ9, 1:87 பெட்டியை ஓட்டினால் எச்ஓஇ. 1960களில் ஜெர்மனியில் எக்கர்-பான் என்ற நிறுவனம் 9 மி.மீ. தடத்தில் குட்டி ரயில்கள் விற்க ஆரம்பித்தபோதுதான் இந்தப் பழக்கம் வேகம் பிடித்தது. எச்ஓ என்ற 1:87 சாதாரண ரயில் மாடல்களின் 16.5 மி.மீ. தடத்தில் 1:48 பெட்டியை ஏற்றினால் ஓஎன்30.

பெருக்கிப் பார்த்தால் எது எதற்குப் பொருந்தும் என்று புரிந்துவிடும். 9 மி.மீ.யை 87-ஆல் பெருக்கினால் 783, அது 762-க்குப் பக்கம், ஆகவே கால்கா–சிம்லாவுக்கு எச்ஓஇ கச்சிதம். 16.5-ஐ 48-ஆல் பெருக்கினால் 792, அதுவும் 762-க்கு ஒத்துவரும். டார்ஜீலிங் 610, அதற்கு 1:76-இல் 8 மி.மீ. தடம் வேண்டும், கிடைப்பது 9. அந்த ஒரு மி.மீ. உறுத்துகிறவர்களுக்கு உறுத்தும். எனக்கு முதல் வாரம் உறுத்தியது, அப்புறம் மறந்தே போய்விட்டது.

கண் பார்வை கொஞ்சம் மங்கலானவர்கள், கை நடுங்குகிறவர்கள் யோசிக்காமல் ஓஎன்30 பக்கம் போங்கள். இடம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனால் கையில் எடுக்க, பெயின்ட் அடிக்க, தடம் புரண்டதைத் தூக்கி வைக்க எல்லாமே சுகம்.

எந்தப் பாதையை மாதிரியாக எடுத்துக்கொள்வது?

முதலில் ஏதாவது ஒரு நிஜப் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "கற்பனை ரயில்" என்று ஆரம்பித்தால் சுவிஸ் வீட்டுப் பக்கத்தில் அமெரிக்க எஞ்சினும் கேரளத் தென்னை மரமும் வந்து நிற்கும். என் முதல் பலகை அப்படித்தான் இருந்தது.

நம் கைக்கெட்டும் பாதைகளில் டார்ஜீலிங் (1881, 2 அடி), கால்கா–சிம்லா (1903, 2 அடி 6 அங்குலம்), மாத்தேரான் (1907, 2 அடி) மூன்றுக்கும் போட்டோ, வீடியோ கொட்டிக் கிடக்கின்றன. வெளியே போனால் வேல்ஸில் உள்ள ஃபெஸ்டினியோக். 1836-இல் கல் சுரங்கத்துக்காகத் திறந்த பாதை, கற்பலகை ஏற்றிய வண்டிகள் எஞ்சினே இல்லாமல் சரிவில் தானாக இறங்கி வரும், காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுக்கும். 1863-இல்தான் நீராவி எஞ்சின் வந்தது. ஓஓ9 பொருட்களில் கணிசமானவை பிரிட்டனின் இந்த மாதிரிப் பாதைகளை மனதில் வைத்தே வருகின்றன, அதனால் வேல்ஸ் செய்தால் வாங்கி வைப்பது சுலபம், இந்தியா செய்தால் கை வேலை கூடுதல்.

யாராவது செய்ய மாட்டார்களா என்று நான் ஏங்குகிற ஒன்று உண்டு. நம் பக்கத்திலேயே மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் 2 அடி 6 அங்குலப் பாதைகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். புளிய மரச் சாலை, பாறைக் குன்று, கேழ்வரகுக் கொல்லை, அதன் நடுவே ஒரு பொட்டி ரயில்... மலையே வேண்டாம். இலங்கை வாசகர்களுக்கு நானு ஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குத் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஓடிய பாதை இருக்கிறது, அதுவும் 2 அடி 6 அங்குலம், அதுவும் இப்போது இல்லை. களனிவெளிப் பாதையும் அதே அளவில் இருந்து பிற்பாடு அகலப் பாதையானதுதான்.

எனக்கு ஊட்டி ரயில்தான் வேண்டும். முடியாதா?

முடியும், ஆனால் முதல் லேஅவுட்டாக வேண்டாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பாதையின் நடுவே பல்சட்டம் இருக்கிறது, எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும். ஏற்றம் ஏறக்குறைய 12.5-க்கு 1. எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தப் பல்லை மாடலில் ஒழுங்காகக் கடிக்க வைப்பது தனி வித்தை. சுவிஸ் மீட்டர் கேஜ் ரயில்களைச் செய்யும் பெமோ நிறுவனத்திடம் 12 மி.மீ. தடமும் பல்சட்டமும் உண்டு, விலையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து யோசியுங்கள்.

குறுக்கு வழி ஒன்று சொல்கிறேன். பல்சட்டம் குன்னூரோடு முடிந்துவிடும். அங்கிருந்து வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை வரை சாதாரணத் தண்டவாளம்தான். கேத்தி நிலையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 1:87-இல் 12 மி.மீ. தடத்தில் ஒரு டீசல் எஞ்சினோடு செய்யுங்கள், நீல நிறப் பெட்டியும் தைல மரங்களும் இருந்தால் பார்க்கிற தமிழர் யாரும் எந்த ரயில் என்று கேட்க மாட்டார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? பலகை எப்படிச் செய்வது?

228 மி.மீ. ஆர வளைவை வைத்து வட்டம் போட்டால் குறுக்கே 46 செ.மீ., இரு பக்கமும் விளிம்பு சேர்த்து 55. ஆகவே 4 அடிக்கு 2 அடி தாராளம். கதவைவிடச் சின்னது, கட்டிலுக்கு அடியில் தள்ளலாம்.

என் முதல் பலகை 6 மி.மீ. ப்ளைவுட், கீழே சட்டம் எதுவும் இல்லை. சென்னையில் ஐப்பசி மழை பிடித்த பதினைந்தாம் நாள் அது அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. மரக்கடையில் 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் வாங்கி, அவர்களிடமே அளவுக்கு அறுத்துக்கொண்டு, அடியில் 2 அங்குலச் சட்டத்தைச் சுற்றிலும் நடுவில் ஒன்றுமாக அடித்துவிடுங்கள். பிறகு மேலும் கீழும் ஓரங்களிலும் பெயின்ட். ஓரத்தை விட்டால் ஈரம் அங்கேதான் ஏறும்.

உயரம்? நெஞ்சு மட்டத்துக்கு வைத்தால் ரயில் ரயில் மாதிரித் தெரியும், இடுப்பு மட்டத்தில் வைத்தால் ஹெலிகாப்டரிலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், பலகையை இறக்காதீர்கள்.

பாதையை எப்படி வரைவது? மலை ரயில் என்றால் ஏற வேண்டாமா?

எல்லோரும் இங்கேதான் விழுகிறார்கள். நானும் விழுந்தேன். 4 அடிப் பலகையில் நான்கு அடுக்கு, இரண்டு குகை, ஒரு பாலம் என்று பேப்பரில் போட்டுவிட்டேன். ஒரு பாதை இன்னொன்றுக்கு மேலே போக, ஓஓ9-இல் குறைந்தது 5.5 செ.மீ. உயரம் வேண்டும். 4 சதவீத ஏற்றத்தில் அதைத் தொட 1.4 மீட்டர் ஓட வேண்டும், இறங்க இன்னொரு 1.4. என் பலகையில் வட்டம் முழுதுமே அதற்குத்தான் காணும். நான் ஏற்றத்தை 8 சதவீதமாக்கினேன். எஞ்சின் ஒற்றைப் பெட்டியோடு பாதி வழியில் நின்று சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

டார்ஜீலிங் பாதை போட்டவர்களுக்கும் இதே கஷ்டம்தான் வந்திருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்த வழி இஸட் ரிவர்ஸ். ரயில் முன்னால் ஏறி ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும், பாயின்ட்டை (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பு) மாற்றியதும் பின்பக்கமாகவே இன்னொரு சரிவில் ஏறும், அங்கும் ஒரு முட்டுச்சந்து, மறுபடி பாயின்ட், மறுபடி முன்னால். மலையில் இப்படி ஆறு இடங்கள். மாடலுக்கு இதைவிட நல்ல வரம் கிடையாது, அகலமே தேவையில்லை. நான் பலகைக்குப் பின்னால் 5 அடிக்கு 1 அடியில் ஒரு அலமாரிப் பலகை சேர்த்து அதில் ஒரு இஸட் போட்டேன். எஞ்சினும் இரண்டு பெட்டியும் 28 செ.மீ., ஆகவே இரு முனையிலும் 30 செ.மீ. முட்டுச்சந்து. நடுவில் மிஞ்சுகிற 90 செ.மீ. 4 சதவீதத்தில் 3.6 செ.மீ. ஏறும், மூன்று கோடும் சேர்ந்தால் பத்துக்கு மேல். பாயின்ட் இருக்கும் இடத்தை மட்டும் மட்டமாக விடுங்கள், சரிவில் பாயின்ட் போட்டால் சக்கரம் ஏறி விழும். அதனால் உயரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

முதல் பலகைக்கு என் பேச்சைக் கேட்பதானால் ஒரு வட்டம், ஒரு கிளைப் பாதை, ஒரே ஒரு பாயின்ட். பாதை மட்டமாகவே இருக்கட்டும், சுற்றிலும் தரையைக் கீழே இறக்குங்கள். ரயில் ஏறாமலே மலை வந்துவிடும்.

தண்டவாளம் எது வாங்குவது?

நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். இரும்புத் தடம் நம் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும், பித்தளை மேல் பாசி மாதிரிக் கறுப்பு ஏறும்.

ஓஓ9 என்று தனியாக விற்கும் தடத்தில் ஸ்லீப்பர் கட்டைகள் பெரிதாக, இடைவெளி விட்டு, கொஞ்சம் கோணல்மாணலாகக்கூட இருக்கும், நேரோ கேஜ் என்றால் அதுதான் அழகு. கிடைக்கவில்லையா, சாதாரண N கேஜ் தடம் போதும். அதில் கட்டைகள் பொடியாக நெருக்கமாக இருந்து காட்டிக்கொடுக்கும். மண்ணில் புதைத்துவிடுங்கள்! டார்ஜீலிங்கில் ஹில் கார்ட் ரோட்டோடு ஒட்டியே பாதை போகிறது, ரோட்டை இங்கும் அங்கும் எத்தனையோ தடவை வெட்டுகிறது, பல இடங்களில் தண்டவாளத்தின் தலை மட்டும்தான் மண்ணுக்கு மேலே தெரியும். சோம்பேறித்தனமும் நிஜமும் இவ்வளவு பொருத்தமாகச் சேர்வது அபூர்வம்.

பாயின்ட் மேல் வந்ததும் எஞ்சின் நின்றுவிடுகிறது. ஏன்?

தினமும் வருகிற கேள்வி. பாயின்ட்டின் நடுவில் இரண்டு தண்டவாளங்கள் கூடுகிற மூக்குக்கு ஃப்ராக் என்று பெயர், ஆமாம், தவளைதான். சில பாயின்ட்டுகளில் அது பிளாஸ்டிக், மின்சாரம் கிடையாது. பெரிய எஞ்சினுக்கு எட்டுச் சக்கரம், ஒன்றிரண்டு தவளை மேல் இருந்தாலும் மற்றவை மின்சாரம் எடுத்துக்கொள்ளும். நம் எஞ்சினுக்கு இருப்பதே நாலு சக்கரம். ஒரு சக்கரம் பிளாஸ்டிக் மேல், எதிர்ப்பக்கம் ஒன்று தூசி மேல், முடிந்தது கதை.

ஆகவே உலோகத் தவளை உள்ள பாயின்ட் வாங்குங்கள். அதில் ஒரு சிக்கல்: பாயின்ட் திரும்பும்போது தவளையின் மின்முனையும் மாறும், எனவே தவளைக்கு அப்பால் போகிற இரண்டு உள்தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டே ஆக வேண்டும், மறந்தால் ஷார்ட். அப்புறம், தவளைக்கு மின்சாரம் பாயின்ட்டின் நாக்கு, அதாவது அங்குமிங்கும் நகரும் தண்டவாளத் துண்டு வழியாகத்தான் வருகிறது. அந்த நாக்கு நுனியில் ஒரு துளி பெயின்ட்டோ ஃபெவிகாலோ பட்டால் போதும். நான் ஜல்லி ஒட்டிய ராத்திரி அப்படித்தான் ஆனது. காலையில் பாயின்ட் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வெந்நீரை இங்க் பில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, பல் குத்துகிற குச்சியால் ஒவ்வொரு மணலாகப் பெயர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. பாயின்ட்டைச் சுற்றி ஜல்லி ஒட்டும் முன் நாக்கடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள், பசை அங்கே பிடிக்காது.

மின்சாரம் ஆபத்தில்லையா? கன்ட்ரோலர் எது?

தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் டிசி, தொட்டாலும் ஒன்றும் ஆகாது. 230 வோல்ட் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், நல்ல அடாப்டராக வாங்கிக்கொள்ளுங்கள், திறந்து பார்க்க வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரும் சின்ன டிசி மோட்டார் வேகக் கன்ட்ரோலரும் கிடைக்கும், ஆரம்பத்துக்கு அது போதும். கோர்லெஸ் மோட்டார் (சுழலும் பகுதியில் இரும்பு மையம் இல்லாதது) போட்ட எஞ்சின்களுக்கு மட்டும் மலிவான விட்டுவிட்டு மின்சாரம் தரும் கன்ட்ரோலர் ஆகாது, மோட்டார் சூடாகிவிடும்.

பலகைக்கு அடியில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு தடித்த ஒயர் முழுநீளம் ஓடட்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியே மெல்லிய ஒயர் சால்டர் செய்து கீழே இறக்குங்கள். இணைப்பான்களை நம்பினால் ஆறு மாதத்தில் தளர்ந்து, ரயில் ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் ஊரும். டிஜிட்டல் முறை (ஒரே தடத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டுவது) பற்றிக் கேட்பவர்களுக்கு: எஞ்சின் ஒன்றுதான் என்றால் தேவையே இல்லை.

எஞ்சின்?

டார்ஜீலிங்கின் பி கிளாஸ் எஞ்சின்கள் 1889 முதல் வந்தவை, முதலில் செய்தது கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டூவர்ட். நாலே சக்கரம், கொதிகலன்மேல் கவிழ்த்த மாதிரித் தண்ணீர்த் தொட்டி. அதை ஓஓ9-இல் கடையில் தயாராகவே வாங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். காட்டோ போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் குட்டி மோட்டார் சேசிஸ் ஒன்றை வாங்கி, அதன்மேல் 3டி பிரின்ட் செய்த உடம்பை மாட்டுவதுதான் இப்போது பலர் செய்வது. வாங்கும்போது எடையைப் பாருங்கள். இலேசான எஞ்சின் ஏற்றத்தில் வழுக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் மீன்பிடிக் கடையில் விற்கும் ஈயக் குண்டை அடைத்தால் இழுவை கூடும், சால்டரிங் ஈயத்தைச் சுருட்டி வைத்தாலும் சரி.

ஒரு சின்னச் சங்கதி. நிஜ எஞ்சினின் முன்பலகையில் இரண்டு பேர் உட்கார்ந்து, சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் கையால் மணல் தூவிக்கொண்டே போவார்கள். 1:76-இல் ஐந்தரை அடி ஆள் 22 மி.மீ. உயரம். கடையில் கிடைத்த பொம்மைகள் எல்லாம் தொப்பியும் கோட்டும் போட்ட இங்கிலாந்துப் பயணிகள். தொப்பியைப் பிளேடால் சீவிவிட்டு, எம்-சீல் உருட்டி மேலே சால்வை போர்த்தி, தலையில் நேபாளத் தொப்பி வைத்தேன். முகம் மட்டும் இன்னும் லண்டன்காரர் முகம்தான். தூரத்தில் தெரியாது.

மலை எதனால் செய்வது?

தெர்மாகோல் துண்டுகளை ஃபெவிகாலால் அடுக்கி ஒட்டி, சமையல் கத்தியால் சீவுங்கள். வீடு முழுக்க வெள்ளைக் குண்டு பறக்கும், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், காற்றில்லாத நாளாக. அதன்மேல் பழைய வேட்டியைக் கிழித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கிப் போர்த்தினால் காய்ந்ததும் பாறை மாதிரி நிற்கும். ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் மட்டும் கரையுங்கள், பத்து நிமிடத்தில் இறுகிவிடும். தெர்மாகோலுக்கு ஸ்ப்ரே பெயின்ட் படக் கூடாது, கரைந்து குழியாகிவிடும்.

ஜல்லி?

எம்-சாண்ட்டை டீ வடிகட்டியில் சலியுங்கள். சலித்ததன் மேல் காந்தத்தைக் கட்டாயம் ஓட்டுங்கள், இரும்புத் துகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வரும், அது மோட்டாருக்குள் போனால் எஞ்சின் காலி. பரப்பிவிட்டு, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்துப் பில்லரால் விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே உருளும்.

மரங்கள் வாங்கினால் விலை அதிகமாக இருக்கிறதே?

வாங்காதீர்கள், தேங்காய் நார் இருக்கும்போது. டார்ஜீலிங் மலையில் நெட்டையாக, கரும்பச்சையாக நிற்பவை துப்பி மரங்கள். மெல்லிய கம்பி ஒன்றை இரண்டாக மடித்து, நடுவில் நாரை இழை இழையாகக் குறுக்கே பரப்பி வையுங்கள். கம்பியின் ஒரு முனையைக் குறடால் பிடித்துக்கொண்டு மறுமுனையை டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுற்றினால் நார் சுழன்று பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி வரும். கத்தரிக்கோலால் மேலே கூம்பாகவும் கீழே அகலமாகவும் வெட்டி, கறுப்பு கலந்த பச்சையை அடித்து, ஈரம் காயும் முன் பச்சைச் சாயமேற்றிய மரத்தூளைத் தூவுங்கள். முதல் பத்து மரம் கழிப்பறை பிரஷ் மாதிரியே இருக்கும். அவற்றைக் காட்டின் பின்வரிசையில் நடுங்கள். ஒரு மாலையில் இருபது வரும்.

தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டினேன். குடித்து மிஞ்சிய டீத்தூளைத் தரைக்குத் தூவலாம் என்று பலரும் சொல்வார்கள். நன்றாகக் காயவைக்காமல் தூவினால் பூஞ்சணம் பூக்கும், எனக்குப் பூத்தது.

பல்லி, எறும்பு, கரையான்?

சிரிக்காதீர்கள், நம் ஊரில் இதுதான் பெரிய எதிரி. மைதாப் பசையைத் தவிருங்கள், கரப்பான் ராத்திரியே வந்து நக்கும். வேறு வழியில்லை என்றால் போஸ்டர் ஒட்டுகிறவர்களைப் போலப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் சேருங்கள். அது விஷம், பிள்ளைகள் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலகையின் கால்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பல்லி எச்சம் தண்டவாளத்தில் காய்ந்தால் ரயில் அங்கே நிற்கும். ஓட்டாத நேரத்தில் ஒரு பழைய நூல் சேலையைப் போர்த்திவிட்டால் பல்லிக்கும் தூசிக்கும் சேர்த்து மருந்து.

தண்டவாளம் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணி. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், கீறலில் அழுக்கு முன்னைவிட வேகமாகச் சேரும்.

எவ்வளவு செலவாகும்?

எஞ்சினும் பாயின்ட்டும் தண்டவாளமும் இறக்குமதி. கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்த பிறகு வருகிற தொகைதான் விலை, இணையத்தில் பார்க்கிற எண் இல்லை. மற்றபடி பலகை, மலை, மரம், வீடு எல்லாமே மரக்கடை, ஹார்டுவேர் கடை, சமையலறை. ஒரே எஞ்சின் வாங்கி அதை நன்றாக ஓடவிடுங்கள். மூன்று வாங்கி மூன்றும் அலமாரியில் இருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று என்னுடையது.

எவ்வளவு நாளில் முடியும்?

ரயில் முதல் சுற்று ஓட நாலு சனி, ஞாயிறு. மலையும் கடைத்தெருவும் சேர எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் எட்டு மாதம் தொடவே இல்லை.

வீட்டில் பூனை இருக்கிறது. என்ன செய்வது?

குகையின் வாயைப் பூனைத் தலையைவிடச் சின்னதாக வையுங்கள். ரயில் ஒரு பக்கம் நுழைந்ததும் அது மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு நேரம் தெரியும்.